சேர்க்கைப் பதிவேட்டில் என் பிறந்தநாள்

எனக்கு இரண்டு பிறந்தநாள். ஒன்று நான் பிறந்த நாள், இன்னொன்று என் அப்பா எழுதிய நாள். முதலாவது செப்டம்பரில் வரும், இரண்டாவது மே மாதத்தில். அறுபதுகளில் தாம்பரத்துப் பக்கம் பள்ளிக்கூடம் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும். ஜூன் மாதம் ஐந்து வயது நிறைந்திருந்தால்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பார்கள். நிறையாத பிள்ளைக்கு வீட்டார் ஒரு தேதியைச் சொல்வார்கள், பள்ளிக்கூடத்தார் எழுதிக்கொள்வார்கள். அதில் யாருக்கும் உறுத்தல் கிடையாது.

எங்கள் வீட்டில் மட்டும் உறுத்தியது. ஏனென்றால் தேதியைச் சொன்னவரும் எழுதிக்கொண்டவரும் ஒரே ஆள். அப்பா அந்த மிஷன் பள்ளியின் கிளார்க். சேர்க்கைப் பதிவேடு அவர் பொறுப்பு. ஒவ்வொரு பிள்ளையின் பிறந்த தேதிக்கு எதிரேயும் ‘சான்றிதழ் பார்க்கப்பட்டது’ என்று எழுதிச் சுருக்கொப்பம் போடுவது அவர் வேலை. மற்றவர்கள் சான்றிதழ் கொண்டுவராவிட்டால் அந்த இடத்தில் ‘பெற்றோர் கூற்று’ என்று எழுதுவார். தன் மகளுக்கு அப்படி எழுத வெட்கமாக இருந்ததோ என்னவோ, பார்க்கப்பட்டது என்றே எழுதி ஒப்பம் போட்டுவிட்டார். என் ஞானஸ்நானச் சான்றிதழ் வீட்டுப் பெட்டியில் அம்மாவின் கல்யாணப் புடவைக்கு அடியில் இருந்தது. அதில் செப்டம்பர் என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

எழுத வைத்தவள் அம்மா. தம்பி அப்போது கைக்குழந்தை. “இவளை இன்னும் ஒரு வருஷம் வீட்ல வெச்சிக்கிட்டு இவனையும் தூக்கிக்கிட்டு என்னால ஆகாது. நாலு மாசம்தானே? உலகமா இடிஞ்சி விழுந்துடும்?” என்றாளாம். உலகம் ஒன்பது வருடம் இடியாமல்தான் இருந்தது.

அப்பாவின் நிம்மதியைக் கெடுக்க வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது. எங்கள் சபையில் அந்த வாரம் பிறந்தநாள் வருகிறவர்களை ஆராதனை நடுவில் போதகர் முன்னால் அழைப்பார். பெரியவர் சிறியவர் எல்லாரும் வரிசையாகப் போய்ப் பெட்டியில் காணிக்கை போட வேண்டும். போதகர் தலையில் கைவைத்து ஜெபிப்பார், சபை எழுந்து நின்று வாழ்த்துப் பாடும். பதிவேட்டில் ஒரு தேதியை எழுதத் துணிந்த அப்பாவுக்கு, கோயிலுக்குள் அதே பொய்யைச் சொல்லத் துணிச்சல் வரவில்லை. ஆகவே சபையில் நான் செப்டம்பர்க்காரி, பள்ளியில் மே மாதக்காரி.

நான் எட்டாம் வகுப்புக்குப் போனபோது புதிய ஹெட்மிஸ்ட்ரஸ் வந்தார், எல்லார் வாயிலும் எச்செம். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, சோடாபுட்டிக் கண்ணாடி, குரலை உயர்த்தவே மாட்டார். வந்த ஆறாம் மாதம், பழைய பரீட்சைத் தாள்களைக் கடலைக்காரருக்கு எடைக்குப் போட்டுவிட்டதற்காக ஓர் அட்டெண்டரை வேலையை விட்டு நீக்கினார். பள்ளிக் குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அந்த அட்டெண்டர் வீடு. மறுநாளே காலி செய்துவிட்டார்கள். மாட்டுவண்டியில் சாமான் ஏற்றியதை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கடைசியாக அம்மிக்கல்லை ஏற்றினார்கள். வேலை போனால் வீடும் போகும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் எங்கள் சபைக்குத்தான் வந்தார். இரண்டாவது வரிசையில், காணிக்கைப் பெட்டிக்கு நேர் எதிரே உட்காருவார். அவர் வந்தபிறகு செப்டம்பர்களில் நான் எழுந்து முன்னால் போகும்போது அப்பா தலையை நிமிர்த்தியதே இல்லை.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. ஜி.எஸ்.டி. ரோட்டு லாரிக்குப் பயம், இரும்புலியூர்ப் பக்கம் மேயும் எருமைக்குப் பயம், விமானப்படை விமானம் தாழப் பறந்தால் பயம். பயந்தவள் ஓடுவாள். ஓடி ஓடி எனக்கு ஓட்டம் வந்துவிட்டது. பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே வேகமானவள் நான்தான். பச்சை ஹவுஸுக்குக் கேப்டன் ஆக்கி ஒரு பித்தளை பேட்ஜும் குத்திவிட்டார்கள். அந்த பேட்ஜைப் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து அதிலிருந்த எழுத்தே மழுங்கிவிட்டது. எனக்கு அந்த வயதில் ஓட்டத்தைத் தவிர வேறு பெருமை ஒன்றும் கிடையாது.

அந்த ஜூலையில் வட்டாரப் போட்டிக்குப் பெயர் எழுதும்போது டிரில் டீச்சர் மைதானத்து வேப்பமரத்தடியில் பட்டியலை வைத்துக்கொண்டு உச்சுக் கொட்டினார். சின்ன வயது, சிரித்த முகம், கழுத்தில் எப்போதும் விசில். ஜூலை முதல் தேதிக்குள் பதினாலு முடிந்திருந்தால் சீனியர், முடியாவிட்டால் ஜூனியர்.

“சே, மே மாசமா நீ? ரெண்டு மாசத்துல போச்சே! ஜூனியர்ல விட்டா நீ கண்ண மூடிக்கிட்டு ஃபர்ஸ்ட் வருவியே.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டது அந்த வேப்பமரத்தடியில்.

“டீச்சர், நெஜமா நான் மே இல்ல. செப்டம்பர். சர்ச்சுல நான் செப்டம்பர்லதான் காணிக்கை போடுவேன்.”

டீச்சர் துள்ளி எழுந்தார். “அட! இத மொதல்லயே சொல்லக் கூடாதா? ஞானஸ்நான சர்டிபிகேட் இருக்குமே வீட்ல? எச்செம் கிட்ட சொல்லி ரிஜிஸ்டர்லயே திருத்திடலாம்.”

மதிய இடைவேளைக்கு வீட்டுக்குப் பறந்தேன். ஜூனியரில் ஓடப்போகிறேன், கோப்பை எனக்குத்தான் என்று வாசலிலிருந்தே கத்திக்கொண்டு போனேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் கை சோற்றில் அப்படியே நின்றுவிட்டது.

“சும்மா வேலியில போன ஓணான எடுத்து மடியில விட்டுக்கிட்டு வந்திருக்கா பாருங்க,” என்றாள் அம்மா. பிறகு அவள் முகமும் மாறியது. “எச்செம் அந்த ரிஜிஸ்டரைப் பார்த்தா என்னங்க ஆவும்?”

“பார்க்கப்பட்டதுன்னு எழுதி நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்,” என்றார் அப்பா. “கடலைப் பேப்பர் கேஸ விட இது பெருசு.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அம்மிக்கல்லை வண்டியில் ஏற்றியது கண்முன் வந்தது. அடிப்பார் என்று நினைத்துச் சுவரோரம் ஒதுங்கினேன்.

“நீ ஒண்ணும் தப்பு பண்ணல பாப்பா,” என்றார். “உண்மையத்தானே சொன்னே.” அதற்கு அவர் என்னை அடித்திருக்கலாம்.

பாதிச் சோற்றோடு கையைக் கழுவிவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டார்.

இரண்டு நாள் எதுவும் நடக்கவில்லை. அந்த இரண்டு நாளை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வகுப்பு வாசலில் நிழல் தட்டினால் எழுந்து நின்றுவிடுவேன். கரும்பலகையில் எழுதியிருப்பதைப் பார்த்து எழுதினால் பாதி வார்த்தை விட்டுப்போகும். டிரில் டீச்சரைத் தேடிப் போய், வேண்டாம் டீச்சர் என்று சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். சொன்னால் ஏன் என்று கேட்பாரே என்று திரும்பிவிடுவேன். மூன்றாம் நாள் இரண்டாம் பீரியடில் ஆயா வந்தது. பள்ளிக்கூடத்துப் பெண்களை அழைத்துப் போவதும் கொண்டுவந்து விடுவதும் அந்த ஆயாதான்.

“எச்செம் அம்மா இட்டாரச் சொன்னாங்கோ. இன்னா கண்ணு, இப்டி நடுங்கிகினு கீறே? இன்னா பண்ணே?”

“ஒண்ணும் பண்ணல ஆயா.”

“ஒண்ணும் பண்ணலன்னா இன்னாத்துக்கு நடுங்கறே? நட, நட.”

உள்ளே ஹெட்மிஸ்ட்ரஸின் மேசைக்குப் பக்கத்தில் டிரில் டீச்சர் சிரித்த முகத்தோடு நின்றுகொண்டிருந்தார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது, எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அப்பா சேர்க்கைப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். சிவப்புக் காலிகோத் துணி அட்டை போட்ட பெரிய நோட்டு. மேசைமேல் வைத்துப் பக்கத்தைப் பிரித்தார். என் பெயருக்குக் கீழே அவர் விரல் நின்றது. நகத்துக்கு அடியில் நீல மை.

“வாசிங்க கிளார்க்.”

வாசித்தார். மே மாதத் தேதி. “சான்றிதழ் பார்க்கப்பட்டது.”

“இனிஷியல் யாருது?”

“என்னுது மேடம்.”

ஹெட்மிஸ்ட்ரஸ் என் பக்கம் திரும்பினார். அந்தக் கண்ணாடிக்குள் கண்கள் பெரிதாகத் தெரிந்தன. இரண்டு செப்டம்பர் இதே கண்களுக்கு முன்னால் காணிக்கை போட்டிருக்கிறேன், எல்லாம் தெரிந்துகொண்டுதான் கேட்கிறார் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

“நீ சொல்லு. எப்ப பொறந்தே?”

அப்பாவைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். அவர் விரலைப் பார்த்தேன். அது இன்னும் என் பெயருக்குக் கீழேயே இருந்தது. ஓட்டப்பந்தயத்தை நடத்துகிறவர் ரெடி என்று சொன்னபிறகு விசில் வரும்வரை ஒரு நொடி இருக்குமே, அந்த மாதிரி ஒரு நொடி.

“மே மாசம் மேடம்.”

“அப்ப டீச்சர் கிட்ட செப்டம்பர்னு சொன்னது?”

“ஜூனியர்ல ஓடினா ஜெயிக்கலாம்னு பொய் சொன்னேன் மேடம்.”

டிரில் டீச்சரின் சிரிப்பு போய்விட்டது. ஹெட்மிஸ்ட்ரஸ் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். பிறகு அப்பாவைக் கேட்டார். “சர்டிபிகேட் வீட்ல இருக்கா?”

“இருக்கு மேடம்.” அப்பாவின் குரல் எங்கிருந்தோ வந்தது. கொண்டுவாங்க என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்னால் முடிந்தது கதை.

“வேண்டாம். பொண்ணே ஒத்துக்கிட்டாளே,” என்று பதிவேட்டை மூடினார். என் பேட்ஜை நானே கழற்றி மேசையில் வைக்கச் சொன்னார். ஊக்கு கைக்கு அகப்படாமல் வழுக்கியது. கடைசியில் டிரில் டீச்சர்தான் கழற்றினார், என் முகத்தைப் பார்க்காமல்.

“உங்க பொண்ணு பொய் சொல்றா. வீட்ல கண்டிக்க மாட்டீங்களா?”

அப்பா வாயைத் திறந்தார். சொல்லிவிடப் போகிறார் என்று பயந்து நான் அவரையே பார்த்தேன்.

“கண்டிக்கிறேன் மேடம்,” என்றார்.

அன்று மாலை அவர் வீட்டில் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும், “புள்ள தலையில போட்டுட்டு வந்துட்டீங்க, இல்ல?” என்றாள். ஒன்பது வருடம் முன்னால் எழுத வைத்தவளே அவள்தான். ஆனால் அதைச் சொல்லிக்காட்டும் வழக்கம் அப்பாவுக்குக் கிடையாது. நான் மட்டும் உள்ளுக்குள் தப்பித்தோம், தப்பித்தோம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கேப்டன் பதவி வேறொருத்திக்குப் போனது. பொய்க்காரி என்று பெண்கள் என் காதுபடவே பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும், அம்மிக்கல் அதன் இடத்தில் இருக்கிறதே.

ஆகஸ்டில் சைதாப்பேட்டையில் வட்டாரப் போட்டி. ஓட வேறு ஆள் இல்லாததால் என்னைச் சீனியரில் சேர்த்திருந்தார்கள். நுழைவுப் படிவங்களை எடுத்துக்கொண்டு அப்பாவும் கூட வந்தார். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் போனோம். குரோம்பேட்டை தாண்டும்போது டிரில் டீச்சர் எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார்: “ஃபர்ஸ்ட், செகண்ட் வர்றவங்க ஸ்டேட் மீட்டுக்குப் போவாங்க. அதுக்கு ஒரிஜினல் சர்டிபிகேட் இணைக்கணும். எல்லாரும் வீட்ல எடுத்து வெச்சிக்கோங்க.”

அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. எனக்கு விழுந்தது. போய்விட்டது என்று நினைத்த பயம், இருந்த இடத்துக்கே திரும்பி வந்தது. முதல் இடம் வந்தால் சான்றிதழ் கேட்பார்கள். இரண்டாம் இடம் வந்தாலும் கேட்பார்கள். மூன்றாம் இடம் வந்தால் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். பல்லாவரம் வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன். தோற்பதற்கு மட்டும் நான் பயிற்சி எடுத்ததில்லை.

இருநூறு மீட்டர். எட்டுப் பெண்கள், சிலர் என்னைவிட ஒரு தலை உயரம். உள்ளங்கையில் குளுக்கோஸ் பொடியைக் கொட்டினார் டீச்சர், நாக்கு உலர்ந்து கிடந்ததால் அது மாவு மாதிரி மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பின்தங்க வேண்டும் என்று நினைத்துத்தான் நின்றேன். ஆனால் துப்பாக்கிச் சத்தத்துக்கும் எனக்குப் பயம். வெடித்ததும் கால்கள் என்னைக் கேட்காமல் கிளம்பிவிட்டன. வளைவு முடியும்போது எனக்கு முன்னால் யாரும் இல்லை. வெறும் சுண்ணாம்புக் கோடுகள்தான். என் வாழ்நாளில் அத்தனை வேகமாக நான் ஓடியதில்லை, அத்தனை பயந்ததும் இல்லை.

கயிற்றுக்கு அப்பால் அப்பா நிற்பதைப் பார்த்தேன். கையில் படிவக் கட்டு. பார்த்ததும் முழங்காலைத் தளர்த்தினேன். ஒருத்தி பக்கத்தில் வந்தாள், தாண்டினாள். அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

“ஓடு பாப்பா! ஓடு! ஏன் நிக்கிறே, ஓடு!”

ஆபீசில் யாரிடமும் ஒரு வார்த்தை உரத்துப் பேசாத மனுஷர். படிவக் கட்டைக் கீழே போட்டுவிட்டு, கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார். எனக்குப் புரிவதற்குள் இரண்டாவது பெண்ணும் தாண்டிவிட்டாள். பிறகு ஓடினேன். எட்டிப் பிடிக்க முடியவில்லை. மூன்றாம் இடம்.

நான் திட்டம் போட்டபடியேதான் நடந்தது. மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர், மூணாவது வந்ததுக்கா இந்த அழுகை என்று முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

திரும்பி வரும்போது ரயிலில் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்தார். மீனம்பாக்கம் தாண்டியதும் கேட்டார்.

“வேணும்னேதானே விட்டே?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“சர்டிபிகேட் கேப்பாங்கன்னுதானே?”

தலையை ஆட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். எனக்கு அவர் அழுதுவிடுவாரோ என்று பயமாக இருந்தது. பயப்பட எனக்கு எப்போதும் ஏதாவது ஒன்று கிடைத்துவிடும்.

செப்டம்பர் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகவே எனக்கு மனமில்லை. போதகர் பிறந்தநாள்காரர்களை அழைத்தபோது பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன். மே மாதம் பிறந்தவள் செப்டம்பரில் எழுந்து நின்றால் என்ன ஆகும் என்பது எனக்கா தெரியாது? இரண்டாவது வரிசையில் அந்த வெள்ளைச் சேலை தெரிந்தது. அப்பா என் கையைப் பிடித்து, விரலைப் பிரித்து, காணிக்கைக் காசை வைத்தார்.

“போ பாப்பா.”

“வேணாம்ப்பா. எச்செம்...”

“நீ போ,” என்று முதுகில் கைவைத்துத் தள்ளினார். தள்ளிவிட்டு அவரும் எழுந்து நின்றார். எல்லாரும் உட்கார்ந்திருக்கையில் அவர் ஒருவர் மட்டும், தலை நிமிர்ந்து.

போனேன். அந்தப் பத்தடி தூரம் எனக்கு இருநூறு மீட்டரைவிட நீளமாக இருந்தது. காசு பெட்டிக்குள் விழுந்த சத்தம் சபை முழுக்கக் கேட்டிருக்கும் என்று தோன்றியது. போதகர் தலையில் கைவைத்தபோது நான் ஜெபிக்கவில்லை, அம்மிக்கல்லைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் அப்பா பெட்டியைத் திறந்து, புடவைக்கு அடியிலிருந்த சான்றிதழை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அம்மா தடுக்கவில்லை. பித்தளைப் பாத்திரங்களை எல்லாம் ஒரு மூலையில் சேர்த்து அடுக்கி வைத்தாள், வண்டி வந்தால் ஏற்றச் சுலபமாக இருக்கட்டும் என்று. எங்கள் வகுப்பு ஜன்னலிலிருந்து ஆபீஸ் கதவு தெரியும். முதல் மணியிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு மணிக்குமேல் அப்பா வெளியே வந்தார். கையில் பதிவேடு இல்லை.

வேலை போகவில்லை. சேர்க்கைப் பதிவேடுதான் அவர் கையைவிட்டுப் போனது. ஓய்வு பெறும்வரை தபால் ஒட்டுவது, மணியடிக்கும் நேரம் எழுதுவது என்று சில்லறை வேலைகளைத்தான் கொடுத்தார்கள். அவரைவிடச் சின்னவர் ஒருவர் வந்து பதிவேட்டோடு உட்கார்ந்தார். அப்பா சொல்லிவிட்டு வந்த அன்று மாலை ஆயா என்னைத் தேடி வந்து, “எச்செம் அம்மா குட்த்தாங்கோ,” என்று ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொடுத்தது. உள்ளே என் பேட்ஜ் இருந்தது.

அன்று உள்ளே நடந்ததை அப்பா ஒரேயொரு முறைதான் சொன்னார். “சர்ச்சுல ரெண்டு வருஷமா இவ முன்னால வர்றத நீங்க பார்த்துக்கிட்டுதான் மேடம் இருந்தீங்க,” என்று இவர் ஆரம்பித்தாராம். அந்த அம்மா விழித்தாராம். கோயிலுக்குள் வந்ததும் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வது அவர் வழக்கம். அது இல்லாமல் பீடத்தில் நிற்பது போதகரா தூணா என்றே அவருக்குத் தெரியாது. என்னை அவர் ஒரு செப்டம்பரிலும் பார்த்ததில்லை.

“கண்ணு தெரியாதவங்க கிட்ட வலியப் போய்ச் சொல்லிட்டு வந்திருக்கார் பாரு,” என்று அம்மா வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் எதுவுமே நடந்திருக்காது என்பது உண்மை. அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் அப்பா என்னைப் பார்ப்பார், நான் அவரைப் பார்ப்பேன்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்து மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போனபோது புது கிளார்க் அந்தப் பதிவேட்டைப் பிரித்தார். மே என்பதைச் சிவப்பு மையில் அடித்து, மேலே செப்டம்பர் என்று எழுதியிருந்தது. பக்கத்தில் அப்பாவின் கையெழுத்து. சுருக்கொப்பம் இல்லை, முழுப் பெயர். அவர் அந்தப் பதிவேட்டில் எழுதிய கடைசி வரி அதுதான். எழுத்து கோட்டைவிட்டு இறங்கியிருந்தது.